இடக்காலின் பொறுப்பு

தாம் தேய்ந்து பிறவற்றைக் காக்கும் பொருள்கள் உலகிற் பல உண்டு. பாதத்தைக் காக்கச் செருப்புத் தேய்கிறது. எழுத்தை ஈன்று பென்சில் குறைகிறது. மோட்டார் வண்டியிலே இவ்வாறு தேய்வதற்கென்றே அமைக்கப்பட்ட உறுப்புகளுள் ஒன்று, கிளச் என்று நாம் யாவரும் வழங்குவது. அது தேயாதிருக்கச் செய்ய எவராலும் இயலாது. ஆனால் ஒரே வகையான இரு வண்டிகளுள் ஒன்றின் கிளச் 40,000 கிலோமீற்றருக்குள் கருகிப் போவதையும், மற்றொன்றினது ஒரு இலட்சம் கிலோமீற்றரைக் கடந்தும் உழைப்பதையும் காண்கிறோம். இரண்டையும் செய்தது ஒரே தொழிற்சாலைதான். வேறுபாடு எங்கே இருக்கிறது? பெரும்பாலும் சாரதியின் இடக்காலிலே இருக்கிறது.

இந்த விஷயத்தைக் குடும்பப் பகுதியிலே பேசுவானேன் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். புத்தளம் மாவட்டக் கரையோரத்தை ஒருமுறை மனக்கண்முன் கொணர்ந்து பாருங்கள். சிலாபத்திலும் உடப்பிலும் கரைசேரும் மீன் லொறியில் ஏறியே சந்தையை அடைகிறது. கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்றரையிலே விளையும் மரக்கறி, பாலாவி உப்பளங்களின் உப்பு, தென்னந்தோட்டங்களின் தேங்காய் யாவும் அவ்வாறே செல்வன. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வானும், நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டோடும் முச்சக்கரவண்டியும் எத்தனையோ வீடுகளின் அடுப்பை எரிய வைக்கின்றன. ஐஸ் இட்ட மீனுடன் புறப்பட்ட லொறி நள்ளிரவில் நடுவழியில் நின்றுவிட்டால், கரைவது ஐஸ் மட்டுமன்று. அவ்வீட்டின் ஒரு வாரச் செலவும் உடன் கரைகிறது. தவணைப் பணம் கட்டி ஓட்டும் வண்டியாயின் துன்பம் இரட்டிப்பாகும்.

அன்றியும், 2020 மார்ச் மாதத்தில் நம் நாட்டிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி சரிந்து, உதிரிப்பாகங்களின் விலை ஏறியது. பழைய வண்டியைப் பேணி ஓட்டுவதன்றி வேறு வழியற்ற குடும்பங்கள் பல. எனவே இடக்காலின் பழக்கம் குடும்ப வரவு செலவைச் சேர்ந்த விஷயமே.

கிளச் செய்யும் தொழில்

எஞ்சின் ஓடாது நிற்கும் நிலையிலிருந்து தானாக வலிமை காட்ட வல்லதன்று. நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 அல்லது 800 சுற்றுக்கு மிகவும் கீழே இறங்கினால் அது மூச்சடங்கி விடும். சில்லோ அசைவற்று நிற்கிறது. சுற்றுகின்ற ஒன்றையும் நிற்கின்ற ஒன்றையும் உடையாமல், உதறாமல் இணைத்து வைப்பதே கிளச்சின் கடமை. அன்றியும், ஓட்டத்தில் கியர் மாற்றும்போதெல்லாம் எஞ்சினைக் கியர்ப்பெட்டியிலிருந்து சற்றே பிரித்து வைப்பதும் அதுவே.

எஞ்சினின் முனையிலே பிளைவீல் எனப்படும் கனத்த இரும்புச் சில்லு ஒன்று சுழல்கிறது. அதை அடுத்து, இருபுறமும் சொரசொரப்பான உறை பதித்த வட்டத் தட்டு ஒன்று கியர்ப்பெட்டியின் தண்டிலே கோக்கப்பட்டிருக்கிறது. இதுவே கிளச் பிளேட். இதன் பின்னே பிரஷர் பிளேட் என்னும் அழுத்தத் தட்டு, வலிய வில்லின் உதவியால் கிளச் பிளேட்டைப் பிளைவீலின் மேல் இறுக்குகிறது. மூன்றும் ஒன்றாய்ச் சுழல, எஞ்சினின் வலிமை சில்லுகளுக்குப் போகிறது. நாம் பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பெயாரிங் என்னும் உறுப்பு முன்சென்று வில்லின் விரல்களைத் தள்ளுகிறது, அழுத்தத் தட்டு விலகுகிறது, நடுத்தட்டு விடுபடுகிறது. இங்கே நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டுவது ஒன்று: பெடலை மிதியாதபோதே கிளச் பற்றி நிற்கிறது; மிதிக்கும்போது விட்டுவிடுகிறது. பாதி மிதித்த நிலையிலோ, பற்றியும் பற்றாமலும் உராய்ந்து கொண்டிருக்கிறது. தேய்வு பெரும்பாலும் அந்த இடைநிலையிலேயே நிகழ்கிறது.

மோட்டார் வண்டியின் ஆதிக் காலத்திலே கூம்பு வடிவான கிளச்சுக்குத் தோலே உறையாக இருந்தது. தோல் உலர்ந்து வெடியாதிருக்க அக்காலச் சாரதிகள் அதற்கு எண்ணெய் பூசி வளர்த்தனர். இன்று உறையின் பொருள் மாறிவிட்டது; ஆனால் உராய்ந்தே பற்ற வேண்டும் என்னும் விதி மாறவில்லை.

உடப்புக் கரையிலே கரைவலை இழுப்பதைப் பார்த்தோர் இதனை எளிதில் உணர்வர். அம்பாப் பாட்டின் தாளத்திற்கேற்பக் கைகள் யாவும் ஒருங்கே கயிற்றைப் பற்றி, படிப்படியாகப் பாரத்தை ஏற்கின்றன. ஒருவர் திடீரென வெட்டி இழுத்தால் கயிறு அறும். பிடியைத் தளர விட்டால் கயிறு வழுக்கிக் கை எரியும். கிளச்சின் நிலையும் அதுவே. வெடுக்கென்று விட்டால் வண்டி உதறுகிறது. நெடுநேரம் தளர்த்திப் பிடித்தால் தட்டு எரிகிறது.

சரிபாதி வெப்பமாகிறது

வகுப்பறைக் கணக்கு ஒன்றை இங்கே சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம். எஞ்சினின் வேகம் மாறாதிருக்க, சமதரையில் நிற்கும் வண்டியைக் கிளச்சின் மூலம் கிளப்பினால், அவ்வேளையில் எஞ்சின் தரும் சக்தியில் சரிபாதியே வண்டியை நகர்த்துகிறது. மறுபாதி கிளச்சிலே வெப்பமாகிறது. எத்தனை கைதேர்ந்த சாரதியாலும் இவ்வரியைத் தவிர்க்க முடியாது. ஆனால் வரியின் தொகையைக் குறைக்கலாம்.

சுமையோடு 3,000 கிலோகிராம் நிறையுள்ள ஒரு சிறு லொறியை எடுத்துக் கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்றில் ஓட, முதற் கியரில் அதன் வேகம் செக்கனுக்கு 2 மீற்றர் என்க. அவ்வேகத்தை அடைய வண்டி பெறும் சக்தி 6,000 யூல். கிளச்சில் எழும் வெப்பமும் 6,000 யூல். அதே சாரதி அவசரத்தில் எஞ்சினை உறும வைத்து 2,000 சுற்றிலே கிளச்சை விட்டால் என்னாகும்? வேகம் இரு மடங்கு. வெப்பமோ நான்கு மடங்கு, அதாவது 24,000 யூல். ஒரு கிலோகிராம் இரும்பை 50 பாகைக்கு மேல் சூடேற்ற அது போதுமானது.

முதற் கியரைப் போடச் சோம்பி இரண்டாம் கியரிலே கிளப்புவோரும் உளர். முதற் கியரின் விகிதம் 3.6 ஆகவும் இரண்டாவதினது 2.1 ஆகவும் இருப்பின், எஞ்சின் ஒரே வேகத்தில் ஓடினும் இரண்டாம் கியரில் எழும் வெப்பம் ஏறக்குறைய மூன்று மடங்காகும். ஆகவே முதற் கியரில், எஞ்சினை உறும வைக்காது, மெல்லத் தொடங்கித் தயங்காது விட்டுவிடுவதே சிக்கனம்.

இடக்காலின் கெட்ட பழக்கங்கள்

முதலாவது, ஓடும்போது காலைப் பெடலின் மேலேயே சாய்த்து வைத்திருத்தல். காலின் பாரம் சிறிதென்று எண்ணலாகாது. பெடல் என்பது நெம்புகோல். சிறு பாரத்தைப் பெருக்கிக் கொடுப்பதே அதன் வேலை. ரிலீஸ் பெயாரிங் ஓய்வின்றிச் சுழன்று தேய்கிறது. வில்லின் பிடியும் தளர்ந்து தட்டு வழுக்கத் தொடங்குகிறது. இந்நாட்டிலே இன்றும் பலர் போற்றி வைத்திருக்கும் மொறிஸ் மைனர் காரில் இவ்வுறுப்புக் குண்டுகள் உள்ள பெயாரிங்கே அன்று, வெறும் கரித்துண்டு. அவ்வண்டியில் கால் சாய்த்தல் அக்கரியை அரைத்துத் தீர்ப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, நிற்கும் வேளைகளிலே கியரைப் போட்டபடி பெடலை மிதித்துக் காத்திருத்தல். புகையிரதக் கடவை மூடியிருக்கும்போது எத்தனை சாரதிகள் இவ்வாறு காத்திருக்கின்றனர்! நியூட்ரலுக்கு மாற்றிக் கைப்பிரேக்கை இழுத்துவிட்டால் காலுக்கும் ஓய்வு, பெயாரிங்குக்கும் ஓய்வு. முன்னேஸ்வரத் திருவிழாவின்போதும் தலவில புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாவின்போதும் வண்டிகள் எறும்பு வரிசையாய் ஊர்வதைக் கண்டிருப்போம். முன்னுள்ள வண்டி ஓரடி நகர்ந்தவுடன் நாமும் ஓரடி நகர வேண்டுமென்பதில்லை. பத்தடி இடைவெளி விழும்வரை பொறுத்து ஒருமுறை நகர்ந்தால், பத்து உராய்வுக்குப் பதில் ஓர் உராய்வே நிகழும்.

மூன்றாவது, ஏற்றத்திலே பிரேக்கைப் பிடியாது, கிளச்சைப் பாதி விட்டு வண்டியை அந்தரத்தில் நிறுத்தி வைத்தல். சமதரையில் கிளம்பும்போது உராய்வு இரண்டொரு செக்கனில் முடிந்துவிடும். இங்கோ முடிவே இல்லை. வண்டி நகராமையால், எஞ்சின் கிளச்சுக்குத் தரும் சக்தி முழுவதும் வெப்பமாகிறது. நம் கரையோரம் பெரிதும் சமதரை. இங்கே பயின்ற இளஞ்சாரதிகளுக்கு ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பும் பயிற்சி குறைவு. உப்பு மூட்டைகளுடன் கடுகண்ணாவை ஏற்றத்திலே நெரிசலில் அகப்படும்போதுதான் இக்குறை வெளிப்படுகிறது. கைப்பிரேக்கில் வண்டியை நிறுத்தி, கிளச் பற்றத் தொடங்குவதைக் காலால் உணர்ந்து, பின்னர் கைப்பிரேக்கை விடுவதே முறை.

மணலும் உப்புக் காற்றும்

நம் பகுதிக்கே உரிய பகைவர் இருவர். ஒருவர் மணல். கடற்கரை மணலிலே சில்லுப் புதைந்தால், எஞ்சினை அலற விட்டுக் கிளச்சைப் பாதி பிடித்து வெளியேற முயல்வது வழக்கம். சில நிமிடங்களில் கருகிய நாற்றம் எழும். பல மாதத் தேய்வு அந்தச் சில நிமிடங்களில் நிகழ்ந்து விடும். மூன்று முறை முயன்றும் நகராவிடின் நான்காம் முறை முயலாதிருப்பதே அறிவு. சில்லின் முன்னுள்ள மணலை அகற்றுக, தென்னை மட்டையையோ பலகையையோ இடுக, பாரத்தை இறக்குக, டயரின் காற்றைச் சற்றுக் குறைத்து அதன் அடி அகலப் பரவச் செய்க. தார் வீதிக்கு வந்ததும் காற்றை மறுபடி நிரப்ப மறக்கலாகாது.

மற்றவர் உப்புக் காற்று. கேபிளால் இயங்கும் கிளச்சில் கம்பி உள்ளுக்குள் துருவேறி, இழை இழையாக அறுகிறது. பெடல் நாளுக்கு நாள் கனத்து வருமாயின் அது காலின் சோர்வன்று, கேபிளின் முறையீடு. ஓரிரு இழை அறுந்ததைக் கண்டவுடன் மாற்றினால் செலவு சிறிது. முற்றாக அறுந்தபின் நடுவீதியில் இழுவை வண்டிக்குக் கொடுக்கும் பணம் பெரிது. கச்சான் காற்று வீசிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் லொறியை நிறுத்தி வைப்போர் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். ஈரத்தால் கிளச் பிளேட் பிளைவீலோடு துருவால் ஒட்டிக் கொள்வதுண்டு. வாரம் ஒருமுறையேனும் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டுவதே அதற்கு மருந்து.

நோயின் குறிகள்

கிளச் திடீரென்று சாவதில்லை. முன்னதாகவே அறிவித்தல் கொடுக்கிறது. எஞ்சினின் ஓசை உயர்ந்தும் வண்டியின் வேகம் உயராவிடின் தட்டு வழுக்குகிறது என்பது பொருள். இதனை ஐயமறச் சோதிக்கலாம். சமதரையில், முன்னும் பின்னும் ஆட்கள் இல்லாத இடத்தில், கைப்பிரேக்கை நன்றாக இழுத்து, வலக்காலால் பிரேக்கையும் மிதித்து, மூன்றாம் கியரைப் போட்டுக் கிளச்சை மெல்ல விடுக. எஞ்சின் உடனே நின்றால் கிளச் நலம்; நில்லாது ஓடிக்கொண்டிருந்தால் தட்டு வழுக்குகிறது. ஒருமுறைக்கு மேல் இச்சோதனையைச் செய்தல் வேண்டா. சோதனையே தேய்வாகி விடும்.

இதற்கு எதிரான நோய், பெடலை முற்றாக மிதித்தும் தட்டு விடுபடாமை. பின்செல்லும் கியரைப் போடும்போது 'கரகர' என்று பல் அரைபடுவது இதன் குறி. அவ்வண்டி சன நெரிசலில் நில்லாது முன்னே பாயக்கூடும். ஆதலால் இது பணத்தை மட்டுமன்றி உயிரையும் தொட்ட நோயாகும். பெடலை மிதிக்கும்போது ஓசை எழுந்தால் ரிலீஸ் பெயாரிங்கை ஐயுறுக. விட்டிருக்கும்போது எழுந்து மிதித்ததும் மறைந்தால் கியர்ப்பெட்டியின் பெயாரிங்கை ஐயுறுக. கிளம்பும்போது வண்டி நடுங்குமாயின், தட்டில் எண்ணெய் பட்டிருத்தலும், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் தளர்ந்திருத்தலும் காரணமாகலாம். காரணத்தை அறியாது தட்டை மாற்றினால், புதிய தட்டும் அதே எண்ணெயில் நனையும்.

மாதம் ஒரு சில நிமிடம்

கேபிளால் இயங்கும் வண்டிகளில், பெடலைக் கையால் அழுத்தினால் முதலில் சிறிது தூரம் எதிர்ப்பின்றி இறங்கும். பல வண்டிகளில் இவ்விளையாட்டு 15 முதல் 25 மில்லிமீற்றர் வரை இருக்கும். உமது வண்டிக்குரிய அளவு அதன் கைந்நூலில் உண்டு. தட்டுத் தேயத் தேய இவ்விடைவெளி அதிகரிக்கும் என்றே பலர் நினைக்கின்றனர். உண்மையில் அது குறைகிறது. தட்டு மெலிய, அழுத்தத் தட்டு பிளைவீலை நோக்கி நகர, வில்லின் விரல்கள் எதிர்ப்புறமாகப் பெயாரிங்கை நெருங்கி வருகின்றன. இடைவெளி அற்றுப் போனால், காலே வைக்காதபோதும் கால் வைத்தது போலாகி, நல்ல தட்டும் வழுக்கி எரியும். ஒரு திருகாணியைத் திருப்பிச் சரிசெய்யக்கூடிய குறை, கவனிப்பாரின்றி ஒரு கிளச்சையே விழுங்கி விடுகிறது.

திரவத்தால் இயங்கும் கிளச்சுகள் பலவற்றில் இவ்விடைவெளி தானே சீராகும். அங்கே பார்க்க வேண்டுவது கிண்ணத்திலுள்ள திரவத்தின் மட்டம். கிளச்சுக்கெனத் தனிக் கிண்ணம் உள்ள வண்டியில், தட்டின் தேய்வால் மட்டம் குறைவதில்லை. ஆகவே குறைந்தால் எங்கோ கசிகிறது என்றே கொள்க. இத்திரவத்தை நாம் 'பிரேக் ஒயில்' என்று அழைப்பதால் ஒரு தீங்கு விளைகிறது. ஒயில் என்ற பெயரைக் கேட்டு எஞ்சின் ஒயிலை ஊற்றுவோர் உளர். அது உள்ளிருக்கும் ரப்பர்களை வீங்க வைத்துக் கெடுத்துவிடும். உரிய திரவமும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கைந்நூல் கூறும் காலத்தில், பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதனை மாற்றுதல் நன்று.

முச்சக்கரவண்டிக்கு இடக்காலின் வேலையை இடக்கையே செய்கிறது. நம் வீதிகளில் மிகுதியாகக் காணும் பஜாஜ் வண்டியில் கிளச் எண்ணெய்க்குள் சுழலும் பல தட்டுகளால் ஆனது. எனவே அதற்கு ஊற்றும் எண்ணெயே கிளச்சின் உயிர். உராய்வைக் குறைப்பதற்கென மருந்து சேர்த்த கார் எண்ணெயை ஊற்றினால் தட்டுகள் வழுக்கக்கூடும். தயாரித்தவர் குறித்த எண்ணெயையே ஊற்றுக. விரலைக் கைப்பிடியில் எந்நேரமும் இறுக்கி வைத்திராதீர்கள்.

தட்டை மாற்றும்போது

கிளச் பிளேட்டை மாற்றக் கியர்ப்பெட்டியையே இறக்க வேண்டும். கூலியில் பெரும்பகுதி அந்த வேலைக்கே போகிறது. ஆதலால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுவது மேற்பார்வைக்குச் செலவாயினும் உண்மையிற் சிக்கனமே. பிளைவீலின் முகம் வெடித்தோ நீலம் பூத்தோ இருப்பின் அதனையும் கவனித்தல் வேண்டும். எஞ்சினின் பின்புற ஒயில் சீல் கசிகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல தருணம் கிடையாது.

கராஜில் பணிபுரியும் தம்பிமாருக்கும் அவர்தம் தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. பழைய கிளச் உறைகளில் கல்நார் கலந்திருந்தது. இன்று கிடைக்கும் மலிவான உதிரிப்பாகங்களிலும் அது இல்லையென்று பார்வையாற் கூற முடியாது. கல்நார்த் தூசு நுரையீரலை அடைந்தால், ஆண்டுகள் பல கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். எனவே கூட்டினுள் படிந்த தூசைக் காற்றுக் குழாயால் ஊதுதல் ஒருபோதும் ஆகாது. ஈரத் துணியால் துடைத்து, அத்துணியைக் கட்டி அப்புறப்படுத்துக. அவ்வுடையோடு வீட்டுக்குச் சென்று குழந்தையைத் தூக்குதலும் தவிர்க்கத் தக்கது.

இறுதியாக ஒன்று. கிளச் கருகியவுடன் உரிமையாளர் சாரதியைக் கடிவதும், அவர் சம்பளத்திற் கழிப்பதும் வழக்கமாயிருக்கிறது. இடக்காலின் பங்கு பெரிதென்று நாமே மேலே கூறினோம். எனினும் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியவர் யார்? இடைவெளியைச் சரிபார்க்க ஓர் அரைநாள் ஓய்வு கொடாதவர் யார்? மணலிலே புதைந்த வண்டியைத் தள்ள இரண்டு ஆளுக்குக் கூலி கொடுக்க மறுத்தவர் யார்? இவற்றிற்கு விடை சொல்லியபின் கணக்குப் பார்ப்பதே நீதி. வண்டி ஒன்றுதான், அதனை நம்பிய குடும்பங்கள் இரண்டு. மாதம் ஒருமுறை இருவரும் சேர்ந்து பெடலை அழுத்திப் பார்த்து, கேபிளையோ திரவத்தையோ நோக்கி, நாற்றமும் ஓசையும் உண்டா என்று பேசிக் கொள்வார்களாயின், கிளச்சின் ஆயுளோடு அவ்விருவரது நட்பின் ஆயுளும் நீளும் என்பது எமது துணிபு.